வலைக்கதவும் ஊர்க்கதவும்

"ஒரு மணி நேரத்துக்கு 800 ரூபாய். முன்பணம் செலுத்தியோருக்கே இடம்."

இப்படியொரு பலகையை முன்னாளில் கண்டிருந்தால், நாடகக் கொட்டகையோ என்று எண்ணியிருப்பர். திருமண மண்டபத்தின் விளக்கு வாடகையோ என்று கேட்டிருப்பர். இன்று அது ஓடுவதற்கான கட்டணம்! பந்தை உதைப்பதற்கான கட்டணம்! வியர்வை சிந்தியவன் கூலி பெறுவான் என்பது உலக வழக்கு. கூலி கொடுத்துவிட்டு வியர்வை சிந்த வேண்டும் என்பது இக்கால வழக்கு. தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றபோது வியந்தோம்; பின்னர் பழகிக்கொண்டோம். இப்போது திடலை வலையில் அடைத்து விற்கிறார்கள். வியப்பு அடங்கிப் பழக்கம் தொடங்குமுன், சற்றே நின்று எண்ணிப் பார்ப்பது நல்லது அன்றோ?

புதுக்கோட்டையிலிருந்து புறப்படும் நெடுஞ்சாலைகளில் மாலை மயங்கிய பின் செல்வோர் அந்தக் காட்சியைக் கண்டிருப்பர். இருபுறமும் இருள், கருவேலம் புதர், திடீரென ஓரிடத்தில் பச்சை ஒளி வெள்ளம். நாற்புறமும் உயர்ந்த கம்பங்கள், கம்பங்களைச் சுற்றி வலை, தலைக்கு மேலும் வலை. சிலவற்றிலோ தகரக் கூரை. உள்ளே நெகிழி இழையால் ஆன புல்விரிப்பு. இரு முனையிலும் சிறிய கோல் கம்பங்கள். அணிக்கு ஐவராய் ஆடும் இளைஞர்கள். ஆங்கிலப் பெயரையே ஊர்மக்கள் தமிழாக்கிக்கொண்டு 'டர்ப்' என்கிறார்கள். கால்பந்துக்கென்று கட்டப்பட்டாலும், கிரிக்கெட் மட்டையோடு வருவோரும் உண்டு. பகலில் அந்த விரிப்பு அனலாய்க் கொதிக்கும். ஆகவே அதற்கு வாழ்வு இரவில்தான்.

நாங்களும் அங்கே செல்கிறோம். ஒரே வட்டாரத்துப் பள்ளிகளில் பணியாற்றும் இளம் ஆசிரியர்கள் சிலர், கல்லூரி நாள்தொட்டுப் பந்தோடு உறவு கொண்டவர்கள். பகலெல்லாம் சுண்ணக்கட்டியும் சுருக்கெழுத்துப் பதிவேடுமாய் உழன்ற உடல், வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடத் துடிக்கிறது. செல்கிறோம், சட்டைப்பையைத் துழாவிப் பங்கு கொடுக்கிறோம், வலைக்கதவு திறக்கிறது. மறுப்பானேன்? மகிழ்ச்சியோடுதான் ஆடுகிறோம். பந்து எங்கே அடித்தாலும் வலையில் பட்டு வந்துவிடும். கிணற்றுக்குள் போகாது, கருவேல முள்ளில் குத்திக் காற்றை இழக்காது. விழுந்தால் முழங்காலில் செம்மண் ஒட்டாது. காலணிக்குள் கரிய ரப்பர்த் துகள்தான் நிறையும். விளக்கொளியில் நள்ளிரவும் நண்பகலாகிறது. இத்தனை வசதிக்கும் விலை 800 ரூபாய். பதின்மர் பகிர்ந்தால் தலைக்கு 80.

80 ரூபாய் ஒரு தொகையா என்று கேட்பீர். கணக்குப் பாடம் நடத்துவோர் கணக்கைக் கைவிடலாகாது. வாரம் ஒருமுறை ஆடினால் மாதம் 320 ரூபாய். 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அதாவது, கண்மாய்க் கரையில் மண்வெட்டியோடு ஒரு தாய் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்தால், அவள் மகன் மாதத்தில் நான்கு மணி நேரம் ஓடலாம்! குனிவது அவள் முதுகு; ஓடுவது அவன் கால். மாதச் சம்பளக்காரர்களாகிய எங்களுக்கு 80 என்பது தேநீர்க் கணக்கு. அந்த வீட்டுக்கு அதுவே அடுப்புக் கணக்கு.

இதைக் கேட்டதும், "அப்படியானால் டர்ப் நடத்துவோர் கொள்ளைக்காரர்கள்!" என்று யாரேனும் கொடி தூக்கினால், அவரோடு நடக்க நாங்கள் ஆயத்தமாக இல்லை. எங்கள் பகுதியில் அத்தகைய திடலைக் கட்டியவர் பெருமுதலாளி அல்லர். வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் வெயிலில் வெந்து, சேர்த்த பொருளைக் கொண்டுவந்து, மீதிக்குக் கடன் வாங்கி, பட்டா நிலத்தில் கம்பம் நட்டவர். விரிப்பு தேயும், விளக்கு எரியும், மின்கட்டணம் மாதந்தோறும் வந்து நிற்கும், மழை மாதத்தில் ஆள் வாரார். அந்த அச்சத்தால்தானோ என்னவோ, வாயிலில் திருட்டிப் பூசணியும் கோல் கம்பத்தில் எலுமிச்சையும் கட்டி வைத்திருக்கிறார்! எலுமிச்சை ஒரு கோலையேனும் தடுத்ததாக நாங்கள் காணவில்லை. கடன் தவணையைத் தடுத்ததாகவும் கேள்விப்படவில்லை. அவரைப் பழிப்பதால் பயனில்லை. பொது இடம் சுருங்கிய ஊரில் தனி இடம் கடையாகத்தான் விரியும்.

இந்தப் பச்சை விரிப்பின் பிறப்புக் கதை தெரிந்தால், விலைப்பலகையின் வேடிக்கை இன்னும் விளங்கும். அமெரிக்க நகரங்களில் வளரும் பிள்ளைகள், நாட்டுப்புறப் பிள்ளைகளைவிட உடல் வலிவில் குன்றியிருக்கிறார்களே, அவர்களுக்கு ஓடியாட இடமில்லையே என்ற கவலையில், போர்டு அறக்கட்டளை ஒரு வழி தேடியது. மழையிலும் பனியிலும் கெடாத, ஆண்டு முழுதும் ஆடத்தக்க ஒரு தரை வேண்டுமென்று அது தூண்டியதன் விளைவே செயற்கைப் புல். 1964-இல் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிராவிடன்சு நகரில், மோசசு பிரவுன் பள்ளியில் அது விரிக்கப்பட்டது. ஆம், பள்ளியில்! பிள்ளைகளுக்காக! 1965-இல் ஊசுட்டன் நகரில் கூரையிட்ட மாபெரும் ஆட்ட அரங்கு ஒன்று திறக்கப்பட்டது. கூரைக் கண்ணாடியின் கூச்சம் தாளாமல் அதன்மேல் வண்ணம் பூசினர். வெயில் இழந்த புல் மடிந்தது. 1966-இல் அங்கே செயற்கைப் புல் வந்தது. ஆசுட்ரோடர்ப் என்னும் பெயர் அந்த அரங்கால் வந்ததே. அதன் பின்னர் புகழும் வணிகமும் கைகோத்தன. இடமற்ற பிள்ளைக்கு இடம் தரப் பிறந்த விரிப்பு, இன்று காசற்ற பிள்ளையை வாயிலில் நிறுத்துகிறது. கருவியின் குற்றமா இது? கருவி யார் கையில், எந்த விதியோடு இருக்கிறது என்பதன் விளைவு.

ஐவர் ஆடும் சிறு கால்பந்தின் பிறப்பும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1930-ஆம் ஆண்டு, உலகக் கோப்பையை முதன்முதலாக உருகுவே நாடு வென்ற ஆண்டு. தலைநகர் மாண்டிவிடியோவில் தெருவெல்லாம் கால்பந்து. ஆனால் பிள்ளைகளுக்குத் திடல் போதவில்லை. அங்கே கிறித்தவ இளைஞர் சங்கத்தில் பணியாற்றிய உவான் கார்லோசு செரியானி என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், கூடைப்பந்து ஆடும் சிறு களத்திலேயே அணிக்கு ஐவரை இறக்கிக் கால்பந்தை ஆடச் செய்து, அதற்கு விதிகளை எழுதினார். அந்த ஆட்டம் கடல் கடந்து பரவி, 1989-இல் நெதர்லாந்தில் தனக்கென உலகப் போட்டியையும் கண்டது. பெரிய திடல் இல்லையே என்று அந்த ஆசிரியர் பெருமூச்சு விட்டு அமரவில்லை. இருக்கும் சிறு இடத்தை எல்லோர்க்கும் உரியதாக்கினார். ஆசிரியத் தொழில் புரியும் எங்களுக்கு அவர் பெயர் இனிக்கிறது.

இனி எங்கள் பள்ளிக்கு வருவோம்.

மேல்வகுப்பில் ஒரு மாணவன். பெயர் வேண்டாம். பந்து அவன் காலில் பட்டால் பேசும். மூவர் சூழ்ந்தாலும் நால்வர் மறித்தாலும் நெளிந்து நழுவி வெளியேறுவான். வட்டாரப் போட்டிக்கு முன் ஒருநாள், மாணவர்கள் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டு டர்ப்பில் பயிற்சிக்குப் புறப்பட்டார்கள். அவன் மட்டும் வரவில்லை. "முழங்கால் வலி, ஐயா" என்றான். மறுநாள் விடியலில் கண்மாய்க் கரைமேல் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு அவன் ஓடிய ஓட்டத்தைக் கண்டவர்கள், அவனுக்கு முழங்கால் வலி என்று நம்பமாட்டார்கள். அது முழங்கால் வலி அன்று. முடிச்சில் காசில்லா வலி. நோய்க்கு மருத்துவரிடம் போகலாம். வெட்கத்துக்கு எங்கே போவது? தோழர்கள் அவன் பங்கையும் கொடுக்க முன்வந்தார்கள், அவன் மறுத்துவிட்டான். ஒருமுறை வாங்கலாம், வாரந்தோறும் வாங்கினால் தோழமை தேய்ந்து தருமமாகிவிடும் என்பதை அந்த வயதிலேயே அவன் உணர்ந்திருந்தான்.

இந்த மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் உழைத்த பெற்றோருக்குப் பிறந்த சாந்தி சௌந்தரராசன், 2006-இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். அவர் வென்ற பதக்கத்தைச் சோதனையின் பெயரால் பின்னர் பறித்தார்கள். அது தனியே எழுத வேண்டிய அநீதி. இங்கே எங்கள் கேள்வி ஒன்றே. ஓடும் இடத்துக்கு மணிக்கணக்கில் காசு கேட்டிருந்தால், அந்தச் சூளை வீட்டுப் பெண் ஓடியிருப்பாரா? திறமை மாளிகையில் மட்டும் பிறப்பதில்லை. ஆனால் கட்டணத் திடல், மாளிகையிலும் மாடி வீட்டிலும் மட்டுமே அதைத் தேடுகிறது.

இதோடு முடித்துவிட்டால் கட்டுரை எளிதாகிவிடும். "பணத்திடல் ஒழிக! பழைய ஊர்த்திடல் வாழ்க!" என்று முழங்கிவிட்டுக் கைதட்டல் பெறலாம். ஆனால் உண்மை அவ்வளவு எளியதன்று. பழைய ஊர்த்திடல் எல்லோர்க்கும் வாழ்வளித்ததா?

எங்கள் பள்ளியில் பயின்று, இப்போது நகரில் இருசக்கர வண்டிப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் ஒவ்வொரு வாரமும் டர்ப்புக்கு வருகிறார். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் பிறந்தவர். "ஊரிலேயே காசில்லாமல் ஆடலாமே, கூலியை ஏன் இங்கே கொட்டுகிறீர்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் அமைதியாகச் சொன்னார்: "இங்கே பணம் கொடுத்தால் போதும், ஐயா. எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு வரலாறே ஒடுங்கிக் கிடக்கிறது. ஊர்த்திடலுக்குக் கட்டணமில்லை, மெய்தான். ஆனால் யார் முதலில் ஆடுவது, யார் எல்லையில் நின்று பந்து பொறுக்குவது, யாருடைய ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டாலும் வாய் திறக்கக்கூடாது என்பதெல்லாம் எழுதப்படாத சட்டமாக அங்கே இருந்தது. இன்றும் பல இடங்களில் இருக்கிறது. திடலில் கால் பட்டு ஏற்பட்ட மோதல், தெருவுக்கு வந்து சாதிச் சண்டையாய் மாறுவதை அறியாதவர் யார்? 'பொது' என்று பலகை எழுதிவிட்டால் பொதுவாகிவிடுமா? 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியிலேயே மலம் கலந்து கிடந்ததை நாடே கண்டது. நீருக்கே அந்த நிலை என்றால், நிலத்துக்குச் சொல்ல வேண்டுமா?

ஆட்டக்களத்தில் பிறப்பைப் பார்ப்பது நம் நாட்டில் நேற்றுப் பிறந்த நோயும் அன்று. பல்வங்கர் பாலு, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் தோன்றியவர். பூனாவில் வெள்ளையர் மன்றத்துத் திடலை மாதம் 4 ரூபாய்க் கூலிக்குச் சமன்செய்தவர். திடலைச் செப்பனிட அந்தக் கை வேண்டும். பந்து வீசவும் அந்தக் கை வேண்டும். ஆனால் தேநீர் மட்டும் அந்தக் கைக்குத் தனிக் குவளையில், கொட்டகைக்கு வெளியே! 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்பேர்ப்பட்டவருக்கு இந்து அணியின் தலைமை இறுதிவரை கொடுக்கப்படவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. கட்டணமில்லாத் திடலில் பாலு கொடுத்த விலை, மணிக்கு எத்தனை ரூபாய் என்று யாரால் கணக்கிட முடியும்?

பெண்களின் நிலையைப் பாருங்கள். ஊர்த்திடலில் பெண்பிள்ளை பந்து உதைத்து எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? திடல் அவர்களுக்குக் கடந்து செல்லும் வழி. அதுவும் தலைகுனிந்து, விரைந்து கடக்கும் வழி. ஆனால் எங்கள் பகுதி டர்ப்பில், ஞாயிறு காலையில் கல்லூரி மாணவியர் சிலர் சேர்ந்து ஒரு மணி நேரத்தை எடுத்து ஆடுகிறார்கள். கதவு உண்டு, வலை உண்டு, அந்த நேரம் அவர்களுக்கே உரியது என்ற சீட்டு உண்டு. ஆகவே வீட்டார் விடுகிறார்கள். இதே புதுக்கோட்டையில்தான், ஆண்களுக்கென்றே இருந்த மன்னர் கல்லூரியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துலட்சுமி என்னும் பெண் படிக்க வந்தார். எதிர்ப்பு எழுந்தது, மன்னரின் ஒப்புதலால் கதவு திறந்தது, 1912-இல் அவர் மருத்துவராக வெளிவந்தார். படிப்பின் கதவு அன்று திறந்தது. பந்தின் கதவு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. அந்தப் பாதியையும் திறந்தது ஊர் அன்று, ஒரு கடை!

ஆக, நம் முன்னே இரு கதவுகள். வலைக்கதவு பணத்தைக் கேட்கிறது, பிறப்பைக் கேட்பதில்லை. ஊர்க்கதவு பணத்தைக் கேட்பதில்லை, பிறப்பைக் கேட்கிறது. முன்னதில் முழங்கால் வலிக்காரன் வெளியே நிற்கிறான்; பின்னதில் பட்டறை இளைஞர் வெளியே நிற்கிறார். ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றை இகழ்வது, ஒரு பூட்டை உடைத்துவிட்டு மறு பூட்டுக்கு மாலை போடுவதாகும்.

டர்ப்பிடம் உள்ள நல்லது எது? பச்சை விரிப்பு அன்று. நெகிழியும் பழைய டயர்த் துகளும் நம் வெயிலுக்கு ஏற்றவை அல்ல. அந்தத் துகள் நுண்நெகிழியாய்ச் சிதறுகிறது என்பதால், 2023-இல் ஐரோப்பிய ஒன்றியமே எட்டாண்டு தவணை கொடுத்து, அதன் விற்பனைக்கு முடிவு கட்டும் விதியைக் கொண்டுவந்தது. நல்லது அங்கே உள்ள விதி. நேரம் குறிக்கப்படுகிறது, சீட்டு எழுதப்படுகிறது, மணி அடித்தால் எந்தத் தெருவானாலும் வெளியேற வேண்டும், அடுத்தவர் எவரானாலும் உள்ளே வரலாம். வல்லடி வழக்கு அங்கே இல்லை. அந்த ஒழுங்கை எடுத்துக்கொள்வோம், கட்டணத்தைக் கழித்துவிடுவோம். செம்மண் நம்முடையது, பள்ளித் திடல் நம்முடையது, சட்டமும் நம் பக்கம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றுள் விளையாட்டுத் திடலையும் சேர்த்தே சொல்கிறது.

பொதுத்திடலுக்குக் கட்டணம் என்றபோது மக்கள் எதிர்த்து வென்ற செய்தியும் அண்மையில் உண்டு. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றம், தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்கள் ஒன்பதைத் தனியாரிடம் ஒப்படைக்கவும், ஆடுவோரிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கவும் தீர்மானம் போட்டது. வடசென்னையில், வியாசர்பாடிச் சந்துகளில் பந்தோடு பிறந்து பந்தோடு வளரும் பிள்ளைகளிடம் மணிக்கு 120! எதிர்ப்புக் குரல் எழுந்தது. சில நாட்களுக்குள் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. தனியார் நிலத்தில் கட்டணம் வணிகம். பொது நிலத்தில் கட்டணம் பறிப்பு. அந்த வேறுபாட்டை நாடு மறக்கவில்லை என்பதற்கு அது சான்று.

எதிர்த்தால் மட்டும் போதுமா? நடத்திக் காட்ட வேண்டாமா? நாங்கள் சிலர் சிறிய அளவில் தொடங்கினோம். தலைமையாசிரியர் ஒப்புதல் தந்தார். பள்ளித் திடலின் ஒரு மூலையில், நீளம் 40 மீட்டர், அகலம் 20 மீட்டர் என்று நூல் பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். மூங்கிலில் கோல் கம்பம். பழைய மீன்வலை வாங்கிப் பின்னால் கட்டினோம். மாலைப் பொழுதை மணி மணியாகப் பிரித்துப் பலகையில் எழுதினோம். எந்த மணி யாருக்கு என்பதைப் பானையில் சீட்டுப் போட்டு எடுப்பது என்று முடிவாயிற்று. உத்திரமேரூர்க் குடவோலையைப் பெருமையோடு பாடம் நடத்துகிறோம். ஆனால் அந்தக் குடத்துக்குள் பெயர் போகவே சொந்த நிலமும் மறைப் பயிற்சியும் வேண்டியிருந்தன என்பதையும் சேர்த்தே நடத்த வேண்டும் அல்லவா? எங்கள் பானைக்குள் எல்லாத் தெருவின் பெயரும் போயிற்று. சனிக்கிழமை காலை ஒரு மணி மட்டும் சீட்டுக்கு அப்பாற்பட்டது, அது பெண்பிள்ளைகளுக்கு.

தேன் ஒழுகியதா? இல்லை. "காலங்காலமாக எங்கள் பிள்ளைகள் ஆடிய இடம், அவர்களுக்கும் ஒரு மணியா?" என்று கேள்வி வந்தது. 'அவர்கள்' என்னும் சொல்லில் எத்தனை நூற்றாண்டு ஏறி அமர்ந்திருக்கிறது! முதல் மாதத்தில் இருமுறை பலகை காணாமற் போயிற்று. மூன்றாம் முறை பலகை எழுதவில்லை. பள்ளிச் சுவரிலேயே வண்ணத்தால் தீட்டிவிட்டோம். சுவரைத் தூக்கிச் செல்ல எவருக்கும் தோள் இல்லை. சனிக்கிழமைக்கு முதல் வாரம் நான்கு பெண்கள் வந்தார்கள். ஒருத்தியின் தாய் ஆட்டம் முடியும்வரை எல்லையில் அமர்ந்திருந்தார். இப்போது பதினொருவர் வருகிறார்கள். அந்தத் தாய்க்கு இப்போது எல்லைக்கோடு கீறும் வேலை. முழங்கால் வலிக்காரனுக்கு வலி தீர்ந்துவிட்டது. வியாழக்கிழமை ஐந்து மணிக்குத் தவறாமல் வருகிறான்.

ஆனால் பட்டறை இளைஞர் வரவில்லை. ஊர் மறுத்ததால் அன்று, பொழுது மறுத்ததால். பட்டறை மூடும்போது மணி எட்டு. எங்கள் திடலிலோ ஆறரைக்கு மேல் இருள்தான் ஆடுகிறது. ஆகவே அவர் இன்னும் வலைக்கதவுக்கே போகிறார். கூலியில் 80 இன்னும் அங்கேயே கரைகிறது. இடத்தைப் பொதுவாக்கினால் போதாது, நேரத்தையும் பொதுவாக்க வேண்டும் என்பதை அவர் இல்லாமை எங்களுக்கு நாள்தோறும் சொல்கிறது.

இங்கிலாந்தின் வரலாறும் அதையே சொல்கிறது. ஈட்டன் போன்ற செல்வர் பள்ளிகளில் பயின்றோர் கையில் கால்பந்து இருந்த காலம் அது. 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யலாகாது என்றது. அந்த அரைநாள் ஓய்வு மெல்ல மெல்லத் தொழிலாளர் அனைவர்க்கும் பரவியது. ஓய்வு கிடைத்தது, ஓய்வோடு பந்தும் கிடைத்தது. 1883-இல் நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும் நிறைந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, பழைய ஈட்டன் மாணவர் அணியை 2-1 என்று வென்று இங்கிலாந்தின் கோப்பையை எடுத்துச் சென்றது. செல்வர் ஆட்டம் மக்கள் ஆட்டமானது, எவரும் இரங்கிக் கொடுத்ததால் அன்று. உழைப்போருக்கு நேரம் கிடைத்ததால்.

நமக்கு வேண்டியது இரண்டு கம்பம், நான்கு விளக்கு. அவ்வளவே! திருவிழாவுக்குத் தெருவெல்லாம் வண்ண விளக்குத் தோரணம் கட்டத் தெரிந்த ஊர், தேருக்கும் திருக்கல்யாணத்துக்கும் வீட்டுக்கு வீடு வரி தண்டத் தெரிந்த ஊர், திடலுக்கு நான்கு விளக்குப் போட முடியாத ஊரா? சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று கேட்க வாயுண்டு; உரிமையுண்டு. நாங்கள் எங்கள் ஊர்ச் சபைக்குத் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம்: பள்ளித் திடலுக்கு இரவு ஒன்பதுவரை விளக்கு, நேரப் பங்கீடு சுவரில், எந்தத் தெருவுக்கும் தடையில்லை, எந்தப் பிள்ளைக்கும் கட்டணமில்லை.

தோழர்களே! உங்கள் ஊரில் திடல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் மாலை ஐந்து மணிக்கு யார் ஆடுகிறார்கள், யார் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள். பெண்பிள்ளை எத்தனை, ஒதுக்குப்புறக் குடியிருப்புப் பிள்ளை எத்தனை, வேலை முடிந்து வரும் இளைஞர் எத்தனை என்று கணக்கெடுங்கள். கூட்டத்தில் பேசும் ஒரு மணி நேரத்தைவிட அந்தக் கணக்கு கூர்மையாகப் பேசும். பிறகு நூலெடுங்கள், சுண்ணாம்பெடுங்கள், நேரத்தைச் சுவரில் எழுதுங்கள். எழுதியதை அழிக்க வருவார்கள், மீண்டும் எழுதுங்கள். காசு கேட்காத, பிறப்பும் கேட்காத ஒரு திடலை இந்த மாவட்டத்தில் ஊருக்கொன்றாய் உண்டாக்கிவிட்டால், 800 ரூபாய்ப் பலகையை யாரும் கழற்ற வேண்டியதில்லை. விரும்பியவர் அங்கே போகட்டும். வேறு வழியின்றி எவரும் போகாதிருக்கட்டும்!